மாரித் தண்ணி வந்து போன பிறகு முருகைக்கல்லைப் (பவளப்பாறை) பார்த்து என்ன சொல்லலாம்? (காயங்கேணி, பாசிக்குடா, மட்டக்களப்பு மாவட்டம்)

கல்குடாப் படகு

எல்லாருக்கும் வணக்கம். சீசனில் கண்ணாடி போட்டில் ஆட்களைக் கல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். மாரி முடிந்து கடல் தெளிந்ததும் காயங்கேணிப் பக்கம் போய் இறங்கிப் பார்த்தோம். ஆழம் குறைந்த இடங்களில் கல்லின் மேல் கபில நிறத்தில் மெல்லிய சேறு. கையை ஆட்டினால் எழும்பிக் கலங்குகிறது. கல்லுக்குக் கல் நடுவில் பாசி. சில மூளைக்கற்களின் உச்சி வெள்ளையாக இருக்கிறது, பக்கங்கள் நல்ல நிறத்தில்தான் இருக்கின்றன.

ஊரில் ஆளுக்கொரு கதை. வயல் உரம் என்று ஒருவர், ஹோட்டல் தண்ணி என்று இன்னொருவர், கடல் சூடு என்று மூன்றாமவர். கம்பஸ் (பல்கலைக்கழகப்) பிள்ளைகள் வந்து நாடா போட்டு அளந்து "உயிர்க்கல் இத்தனை வீதம்" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து என்ன செய்வது? தரையிலிருந்து வரும் தண்ணிதான் காரணமா என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். என் பிழைப்பும் அதில்தான் கிடக்கிறது.

முருகைக்காரி

தம்பி, முதலில் அந்த வீதத்தைப் பேசிவிடுவோம். 50 மீற்றர் நாடாவை ஒரே ஆழத்தில் விரித்து, அதற்கு நேர் கீழே வருவதையெல்லாம் எழுதுவார்கள்: உயிர்க்கல், செத்த கல், பாசி, மணல், நொறுங்கல். நல்ல முறைதான், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் ஒரு தடவை அளந்து வந்த எண் தனியே நின்று எதுவும் சொல்லாது. அதே இடத்தில் முந்தி எவ்வளவு இருந்தது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் சேதி.

அதோடு, தரைத்தண்ணி கெடுக்கிற இடத்தில் அந்த வீதம் கடைசியாகத்தான் இறங்கும். பெரிய பொரைட்டஸ் கல்லை (திரளாக வளர்கிற முருகை இனம்) பாருங்கள். வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும், நூறு வயது தாண்டியதெல்லாம் இருக்கும். சேற்றையும் கலங்கலையும் ஓரளவு தாங்கும். அப்படிப்பட்ட கிழட்டுக் கல் நிறைய உள்ள இடத்தில் நாடா போட்டால் வீதம் நன்றாகத்தான் வரும். ஆனால் பத்து வருடமாக ஒரு குஞ்சுக்கல்கூட ஒட்டாமல் இருக்கலாம். கிழவர்கள் மட்டும் இருக்கிற ஊரை ஆள் எண்ணிக்கையை வைத்து நல்லாயிருக்கிறது என்று சொல்கிற கணக்கு அது.

அதனால் நான் முதலில் தேடுவது 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கற்களை. முருகையின் குடம்பி (குஞ்சுப் பருவம்) கடலில் மிதந்து வந்து ஒட்டுவதற்குத் துப்புரவான கெட்டித் தரை வேண்டும், அதிலும் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கிற சுண்ணாம்புப் பாசி இருந்தால் விரும்பி ஒட்டும். அதன் மேல் மெல்லிய சேற்றுப் படலம் விழுந்தாலே ஒட்டாது, ஒட்டினாலும் முதல் மாரியில் மூடுண்டு போகும். ஒரு சதுர மீற்றர் சட்டம் செய்து (பீவீசி குழாய் போதும்), அதற்குள் எத்தனை குஞ்சுக்கல் என்று எண்ணுங்கள். எந்தக் கருவியும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

வெள்ளை உச்சி பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போக வேண்டும்.

வாகனேரி வெள்ளாமை

வாசித்தேன். எதையெடுத்தாலும் விவசாயி தலையில்தான் விழுகிறது. ஆற்றில் மண் அள்ளுகிறவர்களை யாரும் பேசுவதில்லை. கண்டல் வெட்டி இறால் பண்ணை போட்டதைப் பேசுவதில்லை. காட்டை வெட்டிச் சேனை போட்டதைப் பேசுவதில்லை. யூரியா என்று ஒரு சொல் கிடைத்துவிட்டது, அதையே மெல்லுகிறார்கள்.

எங்கள் வாய்க்கால் தண்ணி நேரே கடலுக்குப் போகவில்லை. வாழைச்சேனைக் களப்புக்குள் (கடலோர உப்பேரி) போய், அங்கே தங்கி, மறுகாதான் கடல். களப்பிலேயே எல்லாம் படிந்துவிடாதா?

வாகரைக் கரை

படியும் அண்ணன், ஆனால் பெருவெள்ளம் வந்தால் படிய நேரமில்லை. மாரியில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டு போகிற நாளில் வந்து பாருங்கள். செந்தண்ணி கடலுக்குள் கோடு போட்டமாதிரித் தெரியும், ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் சிவப்பு. வலையெல்லாம் சருகும் சேறும்.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேணும். காயங்கேணிக் கல்லுக்கு வாழைச்சேனைத் தண்ணி வருகிறது என்று யார் சொன்னது? வாடைக்காற்று காலத்தில் எங்கள் கரையில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்குக்கு. வாழைச்சேனை வாயால் வெளிவருகிற தண்ணி கல்குடா, பாசிக்குடாப் பக்கம் இழுபடும். காயங்கேணிக்கு வருவதென்றால் பனிச்சங்கேணிக் களப்புத் தண்ணி, அதற்கும் வடக்கே வெருகல் வாயால் வருகிற மகாவலித் தண்ணி. வாகனேரி அண்ணன் மேல் சாட்ட முதல் தண்ணி எந்தப் பக்கம் போகுது என்று பாருங்கோகா.

வாகனேரி வெள்ளாமை

வாகரைத் தம்பிக்கு ஒரு தேத்தண்ணி என் கணக்கில்.

முருகைக்காரி

வாகரை அண்ணன் சொன்னது மிக முக்கியமான விடயம். வடகீழ்ப் பருவத்தில் கிழக்குக் கரையோரமாக நீரோட்டம் தெற்கு நோக்கித்தான். தென்மேல் பருவத்தில் நிலைமை வேறு, ஆனால் அப்போது ஆறுகள் வற்றிக் கிடக்கும். ஆகவே பிரித்துப் பார்க்க வேண்டிய கேள்வி "வயலா ஹோட்டலா" என்பதற்கு முன்னால் "எந்த வாய்" என்பது. முகத்துவாரத்திலிருந்து தூரம் கூடக் கூடக் கல்லின் நிலை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். வாய்க்குக் கிட்ட ஒரு இடம், நடுவில் ஒன்று, எட்ட ஒன்று, மூன்றும் ஒரே ஆழம், ஒரே மாதிரித் தரை. கிட்டவும் எட்டவும் ஒரே அளவு கெட்டிருந்தால் ஆற்றுத்தண்ணி மேல் பழி போட முடியாது.

இப்போது வெள்ளை உச்சி. செத்த இடத்தின் வடிவம் நிறையச் சொல்லும்.

சேறு கொன்றதென்றால் கல்லின் குழிவுகளில், தட்டையான மேற்பரப்பில், சேறு தங்குகிற இடத்தில் செத்திருக்கும். சரிவான பக்கங்கள் தப்பும். உயிருள்ள முருகை தன் மேல் விழும் சேற்றைச் சளி சுரந்து தள்ளும். உற்றுப் பார்த்தால் சேறு கலந்த சளி நூல்நூலாகத் தொங்குவது தெரியும். அந்தச் சளிக்குச் செலவாகும் சத்து வளர்ச்சியிலிருந்தும் முட்டையிலிருந்தும்தான் போகிறது. சேற்றை மெல்ல விலக்கிப் பாருங்கள். கீழே கறுத்து, கூழ்முட்டை மணம் அடித்தால் அது இலைதழை கலந்த சேறு. அதில் நுண்ணுயிர் பெருகி ஒட்சிசனைத் தின்றுவிடும், ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். அப்படிச் சேறு மூடினால் ஒரு நாளிலேயே இழையம் சாகத் தொடங்கும். வெறும் சுண்ணாம்பு மணல் மூடினால் அவ்வளவு வேகமாகச் சாகாது.

நன்னீர் கொன்றதென்றால் ஆழத்தில் ஒரு கோடு தெரியும். நன்னீர் பாரம் குறைந்தது, மேலே மிதக்கும். அதனால் குறிப்பிட்ட ஆழத்துக்கு மேலே இருக்கிற எல்லா இனமும் அடிவாங்கும், கீழே இருப்பது சுகமாக இருக்கும். உங்கள் மூளைக்கல் உச்சிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் வெளுத்திருந்தால் எனக்கு முதல் சந்தேகம் அதுதான்.

சூடு என்றால் இனம் பார்த்து அடிக்கும். மான்கொம்புக்கல் முதலில் வெளுக்கும், பெரிய திரள்கற்கள் பின்னால். நங்கூரம் என்றால் முறிவு, அது குழந்தைக்கும் தெரியும். முட்கிரீட நட்சத்திரமீன் தின்றதென்றால் ஓரத்திலிருந்து உள்ளே போகிற தூய வெள்ளைத் திட்டு, பக்கத்தில் தேடினால் குற்றவாளியே கிடைப்பார்.

கல்குடாப் படகு

அக்கா, மிக்க நன்றி. உச்சிகள் எல்லாம் ஒரே ஆழம்தான் என்று நினைக்கிறேன், அடுத்த முறை அளந்து பார்க்கிறேன். சேறு விலக்கின இடத்தில் கறுப்புக் கண்டேன், மணம் பார்க்கவில்லை (தண்ணிக்குள் எப்படி மணக்கிறது!).

முருகைக்காரி

ஒரு ஊசிக் குழாயில் உறிஞ்சி மேலே கொண்டுவந்து மணந்து பாருங்கள் தம்பி. :)

டவுன்ஸ்வில் மட்டுநகரான்

நான் அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் இருக்கிறேன், பிறந்தது கல்லடி. இங்கே பெரும் தடுப்புப் பவளத்திட்டில் இதே சண்டை பல பத்து வருடமாக நடக்கிறது. கரும்பு விவசாயி, மாட்டுப்பண்ணை ஒரு பக்கம், கடல் ஆட்கள் மறு பக்கம். "எங்கள் தாத்தா காலத்திலும் ஆறு கலங்கித்தான் ஓடியது" என்று பண்ணைக்காரர் சொன்னார்கள். அதற்கு விடை பொரைட்டஸ் கல்லுக்குள்ளேயே இருந்தது. கல்லைத் துளைத்து நீண்ட உருளை எடுத்து, மரத்தின் வளையம் போல வருடா வருடம் படிந்த அடுக்கில் பேரியம் அளவைப் பார்த்தார்கள். ஆற்றுச் சேற்றோடு பேரியம் வரும். ஐரோப்பியர் குடியேறி மாடு மேய்க்கத் தொடங்கிய 1870 அளவிலிருந்து பேர்டெக்கின் ஆற்றுச் சேறு ஐந்து முதல் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு தாத்தா கதை எடுபடவில்லை.

இங்கே வைத்திருக்கிற அளவுகோல்கள் சிலதும் சொல்கிறேன். திறந்த கரையோரத் தண்ணியில் மிதக்கும் திண்மம் வருடச் சராசரி லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குள், குளோரோபில் (மிதக்கும் பாசியின் பச்சையம்) லீற்றருக்கு 0.45 மைக்ரோகிராமுக்குள், செக்கித் தட்டு (தெளிவு பார்க்கத் தண்ணிக்குள் இறக்கும் தட்டு) 10 மீற்றர் ஆழத்திலாவது தெரிய வேண்டும். இதற்கு மிஞ்சினால் பாசி கூடும், முருகை இனம் குறையும்.

வாகனேரி வெள்ளாமை

தம்பி டவுன்ஸ்வில், உங்கள் 10 மீற்றரைக் கொண்டுவந்து பாசிக்குடாவில் வைக்க ஏலாது. அங்கே அரைக் கடல் தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணி. தட்டு போய்த் தரையில் முட்டும்.

டவுன்ஸ்வில் மட்டுநகரான்

உண்மைதான் ஐயா, சிரித்துவிட்டேன். எண்ணை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் தட்டு நல்ல சாமான். கல்லுக்கு வெளிப்பக்கம் ஆழமான இடத்தில் விடலாம். 30 சென்ரிமீற்றர் அகலத்தில் வெள்ளை அடித்த தகரத் தட்டு, கயிற்றில் மீற்றர் முடிச்சு, அடியில் ஒரு பாரம். கண்ணுக்கு மறைகிற ஆழத்தை எழுதிக்கொண்டே வந்தால் போதும். எங்கள் கரைக்குரிய எண் அதிலிருந்துதான் வரும்.

நிந்தவூர்க் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். அம்பாறைப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க. எங்கட கரை மணல், கடலுக்குள்ள "கல்" என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் மணற்கல். அதுக்கு மேல அங்கொன்று இங்கொன்றாகத்தான் முருகை. அதை அளந்து திருகோணமலைப் புறாமலையோட ஒப்பிட்டு "அம்பாறைக் கடல் செத்துட்டு" என்று ஒருத்தர் முகநூலில் எழுதியிருந்தார். புறாமலை 2003இலேயே தேசியப் பூங்கா ஆனது, அதுட அமைப்பே வேற. இயல்பாகவே கல் குறைஞ்ச இடத்தைக் குறைஞ்சிருக்கென்று சொல்றதில என்ன கண்டுபிடிப்பு?

ஒலுவில் துறைமுகம் கட்டின பிறகு கரை வெட்டுப்பட்டு மண் இடம் மாறினதையும் கணக்கில எடுக்கணும். களியோடை ஆற்றுத் தண்ணி மட்டும் காரணமில்ல. கடலுக்குள்ள மண் வருவது ஆற்றால மட்டும் என்று நினைக்கிறவங்க அலை வெட்டுற கரையைப் பார்க்கணும்.

முருகைக்காரி

வஅலைக்கும் ஸலாம் காக்கா. இரண்டும் சரி. ஒப்பிடுவதென்றால் மணற்கல்லை மணற்கல்லோடுதான். சேறு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு மலிவான சோதனை சொல்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யலாம்.

கல்லின் மேல் படிந்ததை எடுத்து, நன்னீரில் கழுவி, உலர்த்தி, நிறுத்து வையுங்கள். வினாகிரியில் போடுங்கள். சுண்ணாம்பு (முருகை நொறுங்கல், சிப்பித்தூள்) நுரைத்துக் கரையும். நுரை நின்றதும் வினாகிரியை மாற்றிப் போட வேண்டும், அது பெலன் குறைந்தது. ஆய்வுகூடத்தில் ஐதரோகுளோரிக் அமிலம் விடுவார்கள். இனி நுரைக்காது என்றானதும் மிஞ்சியதை உலர்த்தி நிறுங்கள். அதுதான் தரையிலிருந்து வந்த பங்கு.

ஆனால் காக்கா சொன்ன கரைமண்ணும் இதில் மிஞ்சும், ஏனென்றால் எங்கள் கடற்கரை மணல் பெரும்பாலும் படிகக்கல் மணல். அதனால் மிஞ்சியதை விரலிடையே உரசிப் பாருங்கள். கரகரவென்றால் கரைமணல். மாவாக வழுக்கினால் ஆற்றுக் களி. கல்லுக்குக் கூடக் கெடுதல் அந்த மாவுதான், வெளிச்சத்தையும் மறைக்கும், எளிதில் படியவும் படியாது.

கல்குடாப் படகு

யாரோ குழாயைக் கல்லுக்குப் பக்கத்தில் நட்டு, விழுகிற சேற்றைப் பிடித்து நிறுக்கிறார்களாமே? நாளைக்கு ஒரு சதுர சென்ரிமீற்றரில் 10 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து என்று வாசித்தேன்.

முருகைக்காரி

அந்த 10 என்பது 1990இலிருந்து எல்லாரும் எடுத்துச் சொல்கிற எண். எனக்கு அந்தக் குழாய் மேல் பெரிய நம்பிக்கை இல்லை, அதுவும் ஆழமில்லாத இடத்தில். அலை கிளப்பிய பழைய மண்ணும் குழாய்க்குள் விழும், விழுந்தது வெளியே போகாது. கல்லின் மேல் விழுந்ததோ அடுத்த அலையில் கழுவுப்பட்டுப் போகும். குழாய் நிறைந்து கிடக்கும், பக்கத்துக் கல் துப்புரவாக இருக்கும். இடத்துக்கிடம் ஒப்பிட வைத்துக்கொள்ளலாம், "ஆபத்து எல்லை தாண்டியது" என்று அறிக்கை எழுத அது போதாது.

வாகரைக் கரை

பாசியைப் பற்றி யாரும் பேசவில்லை. பாசி கூடினால் உரம் என்று முடிவு கட்டுகிறார்கள். ஓராவும் கிளிமீனும் பாசி தின்கிற மீன். இரவில் லைட் அடித்து, சுழியோடிக் கிளிமீனைக் குத்திக்கொண்டு போகிறார்களே, பாசியை யார் தின்பது? இதை நான் மீன்பிடிக்காரனாக இருந்துகொண்டு சொல்கிறேன், எங்கள் சங்கத்தில் கேட்டால் ஏசுவார்கள்.

முருகைக்காரி

ஏசினால் ஏசட்டும் அண்ணன். பாசி கூட இரண்டு வழி: சத்துக் கூடலாம், தின்கிறவன் குறையலாம். கல்லைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் பாசியை எண்ணுகிற அன்றைக்கே மீனையும் எண்ண வேண்டும். எந்தப் பாசி என்பதும் வேண்டும். காசுக் குவியல்போல் சுண்ணாம்பு வட்டுகளாக வளர்கிற ஹலிமீடா நல்ல கல்லிலும் இருக்கும், மணலுக்கு அது பெரும் உதவி. சர்காசம் என்ற கபிலப் பாசி காலத்துக்குக் காலம் கூடிக் குறையும். பச்சைக் கீரைத் தாள் போல உல்வா மண்டியிருந்தால் கழிவுநீரைச் சந்தேகிப்பேன்.

வாகனேரி வெள்ளாமை

அப்ப கழிவுநீரா உரமா என்று எப்படித்தான் பிரிப்பது? அதற்கு மட்டும் ஒருவரும் விடை சொல்லவில்லை.

டவுன்ஸ்வில் மட்டுநகரான்

ஐயா, இருக்கிறது. நைதரசனில் பாரம் கூடிய வகை ஒன்று உண்டு, 15 என்ற எண்ணுள்ளது. யூரியா காற்றிலுள்ள நைதரசனிலிருந்து செய்கிறது, அதனால் அதில் 15இன் விகிதம் காற்றோடு ஏறக்குறைய ஒன்றாக, சுழியத்தை ஒட்டியே இருக்கும். மனிதக் கழிவு நொதித்து வரும்போது பாரம் குறைந்தது ஆவியாகிப் போக, 15 கூடி நிற்கும். பாசி தான் குடித்த நைதரசனின் கையெழுத்தை வைத்திருக்கும். கல்லிலிருந்து பாசியைப் பிடுங்கி, உலர்த்தி, பொடித்துக் கொடுத்தால் இயந்திரம் சொல்லும்.

வாகனேரி வெள்ளாமை

இது நல்ல சாமான்! முதல் பாசியை நானே பிடுங்கித் தருகிறேன். எங்கள் பக்கம் ஒரு விடுதியின் குழாய் எங்கே போய் முடிகிறதென்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

நெறியாளர்

பெயர் சொல்லாததற்கு நன்றி. அப்படியே தொடருங்கள்.

முருகைக்காரி

ஐயா சந்தோஷப்படுங்கள், ஆனால் முழுக்க வேண்டாம். களப்பின் அடிச்சேற்றில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர் நைதரேற்றைக் குறைக்கும்போதும் 15 கூடும். வயல் தண்ணி களப்பில் கன நாள் தங்கி வந்தால் கழிவுநீர் மாதிரி வேடம் போடும். அதனால் கடல் பாசியோடு வாய்க்கால் பாசி, களப்புப் பாசி, குழாய் வாய்ப் பாசி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால்தான் கதை விளங்கும். இயந்திரமும் விலை கூடியது.

கழிவுநீரை நிறுத்தினால் கல் திரும்புமா என்று கேட்பவர்களுக்கு ஹவாயில் கானியோஹே குடா இருக்கிறது. அங்கே பல வருடம் கழிவுநீரைக் குடாவுக்குள் விட்டார்கள், பச்சைக் குமிழிப் பாசி முருகையை மூடியது. 1977-78இல் குழாயை வெளிக்கடலுக்கு மாற்றினார்கள். 1983இல் அளந்தபோது உயிர்க்கல் இரண்டு மடங்குக்கு மேல். சேறு அப்படி இல்லை. அடியில் கிடக்கிற சேற்றை ஒவ்வொரு காற்றும் திரும்பக் கிளப்பும்.

கல்குடாப் படகு

வாகனேரி ஐயாவிடம் ஒரு கேள்வி, கோபிக்கக் கூடாது. மாரிப்போகத்தில் யூரியா எப்போது போடுவீர்கள்?

வாகனேரி வெள்ளாமை

என்ன கோபம் மகன். முதல் மழைக்கு விதைக்கிறோம், ஐப்பசியில். பிறகு இரண்டு கிழமை, நாலைந்து கிழமை, ஆறேழு கிழமை என்று பிரித்து எறிவோம். கார்த்திகை மார்கழிதான் எங்கள் பக்கம் கொட்டுகிற மழை. எறிந்த அன்றைக்கு மழை அடித்தால் வரம்பு நிறைந்து வழிந்து வாய்க்காலோடு போகும். போவது என் காசு. வானிலை சரியாகச் சொல்லித் தந்தால் இரண்டு நாள் பொறுத்து எறிவேன், எந்த விவசாயியும் அப்படித்தான். வக்கடையை (வரம்பில் தண்ணி வெளியேறும் வாய்) உயர்த்தி வைத்தால் பாதி நிற்கும், ஆனால் பயிர் அமிழ்ந்தால் யார் பொறுப்பு? முகத்துவாரம் வெட்டச் சொல்லிக் கச்சேரிக்கு ஓடுகிறவர்களும் நாங்கள்தான், வெட்டாதே என்று வருகிறவர்கள் மீன்பிடிக்காரர். இப்போது கல்லுக்காகவும் ஒரு ஆள் வரப்போகிறார் போல.

2021ஐ மறந்துவிட்டீர்களா? சித்திரையில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், கார்த்திகையில்தான் தடையை எடுத்தார்கள். அந்த மாரிப்போகம் யூரியா காணாத போகம், பயிர் மஞ்சளாகக் கிடந்தது. உரம்தான் காரணமென்றால் அந்த வருடம் கல் செழித்திருக்க வேண்டும்.

முருகைக்காரி

ஐயா, 2021 புரட்டாதியில் எடுத்த படமும் 2022 பங்குனியில் அதே கல்லில் எடுத்த படமும் கையில் இருந்திருந்தால் இந்த இழையே தேவையில்லை. ஆனாலும் ஒரு போகம் நிறுத்தினதும் தெளிந்துவிடாது. பொசுபரசு மண்ணோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்காக வரும். மழை அரிக்கிற மண்ணும் உரம் போட்டாலும் போடாவிட்டாலும் வரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டு படம் விடயம்தான். எங்கள் கரைக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. தரைத்தண்ணி வருவது கார்த்திகை முதல் தை வரை. கடல் சூடேறி முருகை வெளுப்பது ஏப்ரல், மே. 1998இலும் 2016இலும் இலங்கையில் அந்த மாதங்களில்தான் அடித்தது. இரண்டு கேடும் ஒரே நேரத்தில் வருகிற நாடுகளில் பிரிக்கவே முடியாமல் திண்டாடுகிறார்கள். எங்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. மாரிக்கு முன் புரட்டாதியில் ஒரு தடவை, கடல் தெளிந்த உடனே மாசி பங்குனியில் ஒரு தடவை, அதே கல், அதே கோணம். புரட்டாதிக்கும் பங்குனிக்கும் நடுவில் கெட்டது மாரிக் கணக்கு. பங்குனிக்குப் பிறகு கெட்டது சூட்டுக் கணக்கு. வருகிறவர்கள் எல்லாரும் கடல் அமைதியான ஆனி ஆடியில் வந்து அளந்துவிட்டுப் போகிறார்கள். அப்போது இரண்டு கணக்கும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

வாகரைக் கரை

மாரியில் அலையும் கல்லை உடைக்குமே தங்கச்சி. அதையும் தண்ணிக் கணக்கில் எழுதுவீர்களா?

முருகைக்காரி

நல்ல கேள்வி அண்ணன். அதற்குத்தான் வாயிலிருந்து எட்ட உள்ள இடமும் வேண்டும். அலை இரண்டு இடத்திலும் அடிக்கும், செந்தண்ணி ஒரு இடத்தில்தான் வரும். புயல் வருடமென்றால் கணக்கு குழம்பும், அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

டவுன்ஸ்வில் மட்டுநகரான்

நிறத்துக்கு ஒரு அட்டை இருக்கிறது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வொட்ச் திட்டத்தது. கல்லுக்குப் பக்கத்தில் பிடித்து 1 முதல் 6 வரை நிறம் ஒப்பிடுவது. ஒரே கல்லில் இரண்டு படி இறங்கினால் அது வெளுப்புத்தான். பிளாஸ்ரிக் அட்டை, தண்ணிக்குள் கொண்டுபோகலாம். நான் ஊருக்கு வரும்போது சிலது கொண்டுவருகிறேன்.

நிந்தவூர்க் காக்கா

கல்லில ஆணி அடிச்சு அடையாளம் வைக்கப் போறீங்களா? காயங்கேணி 2019இல இருந்து சரணாலயம், வனஜீவராசிகள் திணைக்களத்துட அனுமதி இல்லாம ஆணி என்ன, பாசி பிடுங்கினாலே வழக்கு. வாகனேரி அண்ணன் கையில விலங்கோட நிற்கிறதை நான் பார்க்க விரும்பல்ல.

வாகனேரி வெள்ளாமை

அதுக்கும் விவசாயிதானா!

முருகைக்காரி

காக்கா சொன்னது சரி. படம் எடுக்கவும் தட்டு விடவும் பிரச்சினை இல்லை. பாசி, சேறு, ஆணி மூன்றுக்கும் கடிதம் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். நாராவில் (அரசின் நீர்வள ஆய்வு நிறுவனம்) இந்த வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிச் செய்தால் எங்கள் படங்கள் பிறகு யாருக்காவது உதவும். அதுவரைக்கும் சரணாலயத்துக்கு வெளியே உள்ள கல்லில் தொடங்கலாம். ஆணி இல்லாமலும் கல்லைக் கண்டுபிடிக்கலாம்: ஜீபிஎஸ் எண், பிறகு அசையாத பெரிய கல் ஒன்றிலிருந்து எத்தனை மீற்றர், எந்தத் திசை என்று ஒரு வரைபடம். படத்தில் ஒரு அடிமட்டம் கட்டாயம் தெரிய வேண்டும், அது இல்லாத படம் கல்யாண அல்பத்துக்குத்தான் உதவும்.

கல்குடாப் படகு

சரி அக்கா. படகு என்னுடையது, எண்ணெய்க் காசைப் பங்கு போடுவோம். மூன்று இடம் எவை என்று வாகரை அண்ணனும் நானும் பேசி முடிவு செய்கிறோம். சட்டம் செய்யப் பீவீசி வாங்கிவிட்டேன், அரை அங்குலம் போதுமா, முக்கால் வேண்டுமா?

முருகைக்காரி

அரை போதும். எல்லாப் பக்கத்திலும் துளை போடுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் ஒரு நூல் கட்டிவிடுங்கள், குஞ்சுக்கல் எண்ணும்போது இடம் தவறாது.

வாகரைக் கரை

நூல் வேண்டாம், தங்கூசி (நைலோன் தூண்டில் இழை) கட்டு தம்பி. நூல் ஒரு கிழமையில் இழுபட்டுத் தளர்ந்துபோகும். என்னிடம் மிச்சம் கிடக்கு, வந்து எடு.